நாவற்கிளையும் இருபது முகப் பகடையும்

சங்க மலர்களில் கட்டுரை எழுதுவோர் சங்க இலக்கியம், திருக்குறள், கல்வெட்டு என்று பொருள் எடுத்துக்கொள்வது வழக்கம். அடியேன் இம்முறை நம் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஓர் ஆட்டத்தைத் திறனாய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டேன். "விளையாட்டுல என்னய்யா ஆராய்ச்சி?" என்று பெரியவர்கள் கேட்கலாம். அந்த ஆட்டத்தில் வாராவாரம் எழுகிற ஒரு சிக்கலை நம் புலவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆண்டிருக்கிறார்கள். ஒருவர் மற்றொருவர் மனத்தைச் சொல்லால் மாற்றுவது எப்படி? மாறியது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? இதுவே அச்சிக்கல்.

ஆட்டம் எது?

தாய்மார்கள் பலருக்கும் இந்த ஆட்டம் புதிது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்டார்கள். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரவாதி, இன்னொருவன் திருடன். ஒருவர் மட்டும் நடத்துநர். பிள்ளைகள் அவரை டி.எம். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். காடு, கோட்டை, அரசன், வாயிற்காவலன், பூதம் என மற்ற அத்தனையும் அவர் வாயிலிருந்து வரவேண்டும். நம்மூர்த் தெருக்கூத்துக் கட்டியங்காரன் வேலையும் நாட்டாமை வேலையும் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். எண் கூடினால் காரியம் பலிக்கும், குறைந்தால் இல்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர் மின்னசோட்டாவில் பிரவுன்ஸ்டைன் என்றொரு போர் விளையாட்டை நடத்தினார். படைகளை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு மேயர், வங்கிக்காரர் என்று தனித்தனி ஆள் வேடம் கொடுத்தார். அவர்களோ மூலைக்கு மூலை ஒதுங்கி, தங்களுக்குள் ரகசியம் பேசி, பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் கெட்டுவிட்டது என்று அவர் எண்ணினார். ஆடியவர்களோ இன்னொரு முறை நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். ஆக, இந்த வகை ஆட்டத்தின் வித்தே பேச்சுத்தான். வாள்வீச்சுக்கு அடுத்த இடம்தான்.

பேச்சுக்கா மதிப்பெண், விஷயத்துக்கா?

சண்டைக் கட்டம் எளிது. மேசையில் உட்கார்ந்திருக்கும் பையன் நிஜத்தில் வாள் வீசத் தேவையில்லை. பகடை வீசினால் போதும். பேச்சுக் கட்டத்தில்தான் தகராறு. வாய் எல்லோருக்கும் இருக்கிறது. பாத்திரம் பேசுகிறதா, பையன் பேசுகிறானா?

எலெக்ட்ரானிக் சிட்டி முதல் கட்டத்தில் நீலாத்ரி ரோட்டை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் இந்த ஆட்டம் நடக்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், ஒடியா வீட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள், பொதுமொழி ஆங்கிலம். ஒரு நாள் கோட்டை வாயிலைத் திறக்கச் சொல்லிக் காவலனிடம் கேட்க வேண்டிய கட்டம். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற பையன் ஒருவன் இரண்டு நிமிடம் மழையாகப் பொழிந்தான். சாரம் ஒன்றுமில்லை. நடத்துநர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். இத்தனைக்கும் அவன் பாத்திரம் பேச்சுத் திறமே இல்லாத முரட்டு வீரன்.

அடுத்த வாயிலில் ஒரு சிறுமியின் முறை. போன வருடம்தான் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஆங்கிலம் இன்னும் நாவில் ஓடவில்லை. அவள் ஏற்ற பாத்திரமோ அந்த நாட்டிலேயே இனிமையாகப் பேசுகிற பாணர்குலப் பெண்! அவள் ஒரு சீட்டில் தமிழில் எழுதி நீட்டினாள்: காவலன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முன்பே சொன்னீர்கள், எங்களிடம் மருந்து இருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் அந்தப் பெண் பேசுவது போலப் பேசிக் காட்டு என்றார் நடத்துநர். சிறுமி வாயை மூடிக்கொண்டாள். அன்றிரவு என் பேரன், "தாத்தா, பேச்சுக்கா மார்க், விஷயத்துக்கா மார்க்?" என்று கேட்டான். இக்கட்டுரை அவனுக்கு நான் தரும் பதில் என்றும் கொள்ளலாம்.

விதி நூல்கள் சொல்வது

விதி நூல்களும் இதில் ஒரு நிலையில் நிற்கவில்லை. 1974 நூலில் எதிர்ப்படுவோரின் மனநிலையை அறிய இரண்டு ஆறு முகப் பகடை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தால் பகை, மிகுந்தால் நட்பு, இடைப்பட்டால் தயக்கம். 2003இல் வந்த 3.5 பதிப்பு ஒரு விலைப்பட்டியலே போட்டது. பகைவனை நடுநிலைக்குக் கொண்டுவர 25, நண்பனாக்க 35, ஆபத்தை ஏற்று உதவுபவனாக்க 50. திறன் எண்ணை ஏற்றி வைத்துக்கொண்டவன் ஒரு நிமிடப் பேச்சில் கொலைகாரனையும் கூட்டாளி ஆக்கலாம். முப்பது வருஷம் அரிசி வியாபாரம் பார்த்தவன் சொல்கிறேன், இப்படி ஒரு பட்டியல் நிஜத்தில் இருந்தால் ஊரில் ஒரு கடையும் நிலைக்காது.

2024இல் வந்த திருத்தப் பதிப்பு ஓரளவு தெளிந்திருக்கிறது. கேட்பவர் முன்பே உடன்படுகிறவரானால் பகடை வேண்டாம், காரியம் முடிந்தது. அவர் கொள்கைக்கே விரோதமானதைக் கேட்டால் பகடையாலும் பயனில்லை. தயங்குகிறவரிடம் மட்டுமே பகடை. இந்த மூவகைப் பிரிவைப் படித்தபோது இது நமக்குத் தெரிந்ததாயிற்றே என்று தோன்றிற்று.

கோவூர் கிழார் நின்ற மன்றம்

புறநானூற்றின் 46ஆம் பாட்டைப் பார்ப்போம். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான். கோவூர் கிழார் குறுக்கே நிற்கிறார். பாட்டு மிகச் சிறியது. அதில் அவர் செய்வது நான்கு காரியம். முதலில், புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ என்று அரசனுக்கு அவன் பெருமையையே நினைவூட்டுகிறார். இரண்டாவது, இவர்கள் புலவர்க்குப் பகிர்ந்துண்ட குடி என்று எதிர்த்தரப்பின் தகுதியைச் சொல்கிறார். மூன்றாவது, கண்முன் உள்ள காட்சியைச் சுட்டுகிறார்: யானையைப் பார்த்த அதிசயத்தில் குழந்தைகள் அழுகையை மறந்துவிட்டன, மன்றத்தைப் பார்த்து மிரள்கின்றன. நான்காவது, கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம் என்று விட்டுவிடுகிறார்.

இந்த நான்காவதில்தான் நுட்பம் இருக்கிறது. அரசன் மனம் மாறினான் என்று புலவர் பாட்டில் சொல்லவில்லை. பிள்ளைகள் பிழைத்த செய்தி பாட்டின் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. சொல் புலவருடையது, முடிவு வேறிடத்தது. ஆட்ட மொழியில் சொன்னால் பாட்டு, ஆடுபவர் பேசியது. அடிக்குறிப்பு, பகடை விழுந்தது. இரண்டையும் கலக்காமல் வைத்தார்கள் நம் முன்னோர். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டில் சொல் அலங்காரம் குறைவு, விஷயம் அதிகம். சீட்டில் எழுதி நீட்டினாலும் அந்த மூன்று காரணமும் வலுக் குறையா.

பொற்கொல்லன் பேச்சு

அலங்காரப் பேச்சு என்ன செய்யும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கொலைக்களக் காதையில் காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் விடுவதாயில்லை. கள்வர் கைக்கொள்ளும் உபாயம் எட்டு வகை என்று ஒரு சாஸ்திரப் பிரசங்கமே செய்கிறான். கோவலன் களவு செய்தான் என்பதற்கு அதில் ஒரு சான்றும் இல்லை. கடைசியில் கல்வி இல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கூட்டத்தில் எல்லோரையும் மசிய வைக்கத் தேவையில்லை; ஒருவன் மசிந்தால் அழிவுக்குப் போதும். நடத்துநர்கள் ஐந்து காவலரை ஒரே ஆளாக எண்ணி ஒரே பகடை உருட்டும்போது இந்த உண்மை தொலைந்துபோகிறது.

அதற்கு முன் அரசனைப் பொற்கொல்லன் பார்த்த வேளையையும் நோக்க வேண்டும். ஊடல் கொண்ட தேவியைத் தணிக்க அரசன் விரைந்துகொண்டிருந்த நேரம். விசாரிக்கப் பொழுதில்லை. அதே அரசன் வழக்குரை காதையில் அமர்ந்து கேட்கிறான். கண்ணகி, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எம்முடையது முத்து என்கிறான் அவன். சிலம்பை உடைத்ததும் பேச்சு முடிந்தது. அங்கே கண்ணகியின் நாவன்மைக்கு எண் போட்டுப் பகடை உருட்டுவான் ஒரு நடத்துநர் என்றால் அவனுக்குக் காப்பியம் புரியவில்லை என்றே சொல்வேன். சான்று கையில் இருக்கும்போது பகடைக்கு வேலை இல்லை.

நீலகேசியின் பெருமையும் ஒரு குறையும்

இனி எங்கள் சமணர் வீடுகளில் போற்றப்படும் நீலகேசிக்கு வருகிறேன். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள் 1936இல் சமய திவாகர வாமன முனிவர் உரையோடு பதிப்பித்தார்கள். குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு மறுமொழியாக எழுந்த நூல். அந்தக் குண்டலகேசியைப் பற்றிய பழங்கதையில் ஓர் அழகான வழக்கம் வருகிறது. அவள் ஊர் ஊராகச் சென்று நாவற்கிளையை நட்டுவைப்பாள். வாதுக்கு வர விரும்புபவர் அதை மிதித்து வீழ்த்த வேண்டும். போட்டி தொடங்கிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். பந்தயம் என்ன என்பதும் தெரியும். நம் பிள்ளைகளின் மேசையில் இல்லாதது இந்தக் கிளைதான். எது சும்மா அரட்டை, எது முடிவு தரும் வாது என்று தெரியாமலே பேச்சு ஓடுகிறது. திடீரென்று நடத்துநர் பகடையை உருட்டச் சொல்கிறார்.

நீலகேசியில் பத்துச் சருக்கங்கள். முதற் சருக்கத்தில் நாயகி பேய் வடிவினள். உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்தி விரட்ட வருகிறாள். முனிவர் அசையவில்லை. உருமாறி மயக்கப் பார்க்கிறாள். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவளே அவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். கொள்கையில் உறுதியானவரிடம் மிரட்டலுக்குப் பகடை கிடையாது என்ற விதியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பிறகு அவள் குண்டலகேசி, அர்க்க சந்திரன், மொக்கலன் எனத் தொடங்கி ஒவ்வொருவரிடமும் வாதிடுகிறாள். எதிரியின் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகே மறுக்கிறாள். இன்று குண்டலகேசி முழுநூலாகக் கிடைக்கவில்லை. பத்தொன்பது பாடல்களே எஞ்சியுள்ளன. அந்நூல் என்ன பேசியது என்று அறிய அதன் எதிரி நூலுக்கே போக வேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பை மதித்து எடுத்துரைத்ததால் வந்த நன்மை இது.

கடைசிச் சருக்கமாகிய பூதவாதத்தில், ஐம்பூதம் தவிர ஒன்றுமில்லை என்கிறவன் முன் அவள் தன் பழைய கோர வடிவைக் காட்டுகிறாள். அவன் நடுங்கிப் போகிறான். இது வாதமா, மிரட்டலா? கண்ணால் காண்பதே அளவை என்று சொன்னவனுக்குக் காட்சியாலேயே விடை தந்தாள் என்று நியாயம் சொல்லலாம். அந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் குறை வேறு. பத்துச் சருக்கத்திலும் எதிரி ஒரு சுற்றுக்கூட ஜெயிப்பதில்லை. ஏன்? கேள்வியும் ஒருவர் எழுதியது, பதிலும் அவரே எழுதியது. எங்கள் நூல் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது. ஒரு பொருளைப் பல கோணத்தில் பார் என்று சொல்லும் அநேகாந்தம் எங்கள் தத்துவம். அதை வைத்துப் பார்த்தால், எதிரி சொன்னதில் இன்ன பகுதி சரி என்று நீலகேசி நாலு இடத்திலாவது ஒப்பியிருந்தால் வெற்றி இன்னும் ஒளி பெற்றிருக்கும்.

இதே குறைதான் நடத்துநருக்கும் வருகிறது. அரசனும் அவர், காவலனும் அவர், தீர்ப்பாளரும் அவர். தனக்குப் பிடித்த பையன் பேசினால் கதவு திறக்கிறது. இதற்கு அணைபோடத்தான் பகடை. யார் கையிலிருந்து விழுந்தாலும் அதற்கு முகதாட்சண்யம் கிடையாது. வாய்த்திறம் இல்லாத பிள்ளைக்கு அது பாதுகாப்பு. அவையஞ்சாமை என்று வள்ளுவர் 73ஆம் அதிகாரத்தில் அவை கண்டு அஞ்சுவோரைக் கடுமையாகச் சொல்கிறாரே என்பீர்கள். அது அமைச்சியலில் உள்ளது, அரசவையில் பேசும் அமைச்சருக்குச் சொன்னது. பன்னிரண்டு வயதுச் சிறுமி அமைச்சர் ஆகும் முன்பு பழகிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இந்த மேசை.

சந்தையில் கற்றது

ஏடு படிக்காத தரகர்களிடமும் இதற்குப் பாடம் உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. படியவில்லை என்றால் இருவருக்கும் முகம் கெடாது. டீ குடித்துவிட்டு மறுபடி துண்டைப் போடலாம். பகடை குறைந்து விழுந்த உடனே, "கதவு சாத்தியாச்சு, போங்க" என்கிற நடத்துநர் இந்தப் பண்பை அறியாதவர். படியாத பேரத்தில் எதிராளி வேறொரு விலை சொல்ல வேண்டும்: இரவில் திறக்க மாட்டேன், விடியலில் வா; நால்வரை விடமாட்டேன், ஒருவர் மட்டும் வா. கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது.

நம் பெங்களூரு தமிழர் எவரும் மறக்க முடியாத பாடம் ஒன்று உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. எத்தனை மேடை, எத்தனை சொற்பொழிவு! திரை விலகவில்லை. 2009இல் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை என்று பேச்சு அமைந்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி இங்கே வள்ளுவரை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார்; முதல்வர் எடியூரப்பா உடன் நின்றார். 13ஆம் தேதி அங்கே சர்வக்ஞர் திறக்கப்பட்டார். இரண்டடியில் பாடியவருக்கு ஈடாக மூன்றடியில் பாடியவர். நம் பேச்சின் வன்மை மட்டும் போதவில்லை. எதிரே நிற்பவர் எதை மதிக்கிறார் என்று அறிந்து அதற்கு இடம் கொடுத்தபோது வழி பிறந்தது. குறிப்பறிதலை 71ஆம் அதிகாரமாக வைத்து, அதன் பின்பே அவையறிதலையும் அவையஞ்சாமையையும் வைத்த வள்ளுவர் வரிசையின் பொருள் எனக்கு இப்படித்தான் படுகிறது.

முடிவாகச் சில

என் துணிபைச் சுருக்கித் தருகிறேன். ஒன்று, வாது தொடங்கும் முன் நாவற்கிளையை நடுக: எது பந்தயம், தோற்றால் என்ன இழப்பு என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும். இரண்டு, நடத்துநர் வேடமேற்கும் ஒவ்வொருவருக்கும் அவர் விரும்புவது ஒன்று, அஞ்சுவது ஒன்று, உயிர் போனாலும் தராதது ஒன்று எனக் குறித்துவைக்க வேண்டும். மூன்று, ஆடும் பிள்ளை சொன்ன விஷயத்தை எடை போடுக, சொன்ன விதத்துக்கு விலை போடாதே. சீட்டில் எழுதினாலும், தமிழில் சொன்னாலும், என் பாத்திரம் இன்ன காரணம் சொல்கிறது என்று படர்க்கையில் சொன்னாலும் ஒரே மதிப்புத்தான். நான்கு, சான்று தெளிவானால் பகடை வேண்டாம். கொள்கைக்கு மாறானால் பகடை செல்லாது. தயக்கம் இருக்கும் இடத்தில் மட்டும் உருட்டுக. ஐந்து, தோற்றவர் திரும்பி வர ஒரு வழி வைக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் என் பேரனிடம் தாளில் எழுதிக் கொடுத்தேன். "சார், மருந்து விஷயம் இதுல மூணாவது ரூல்படி செல்லும்" என்று அவன் நடத்துநரிடம் வாதிட்டானாம். அந்த நடத்துநரும் நல்ல பிள்ளை. இரண்டு வாரம் ஆடிப் பார்ப்போம் என்றிருக்கிறார்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று தினமும் வேற்று மன்றங்களில் நின்று பேசவேண்டியவர்கள். பயிற்சிக்கு ஒரு மேசை கிடைத்திருக்கிறது. சங்கத்தில் மாதம் ஒருமுறை தமிழிலேயே இதை ஆடவைக்கலாம். அரக்கன் கோட்டையே வேண்டுமென்பதில்லை. கிள்ளிவளவன் மன்றத்தை அமையுங்கள். யானை நிற்கட்டும், பிள்ளைகள் நிற்கட்டும். கோவூர் கிழார் வேடத்தை அதிகம் பேசாத பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளை என்ன காரணம் சொல்கிறது என்று பெரியவர்கள் பொறுமையாகக் கேளுங்கள்.